‘ங்க’ நின்றுபோகும் இடம்: காவல்துறையும் சாதியும் மரியாதையும்

தமிழில் முன்னிலைப் பெயர் ஒருமை, பன்மை என இரண்டாக நிற்கிறது என்பது இலக்கண நூல்கள் சொல்லும் செய்தி. அந்த இரண்டுக்கும் நடுவே ஊர் முழுவதும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவை சொல்லாமல் விட்ட செய்தி. ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் உள்ள தொலைவை வயது, உறவு, பதவி, சொத்து, சாதி ஆகியவை அளக்கின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த அளவை இன்னும் நுட்பமானது. திருச்செங்கோடு, இராசிபுரம், சங்ககிரி, பரமத்தி வேலூர் வட்டாரங்களில் பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ‘ங்க’, பெற்ற பிள்ளையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று அழைக்க வைக்கும் அளவுக்கு ஊறிப்போன வழக்கு. கொங்குத் தமிழின் பெருமையாக அதைக் குறிப்பிடாத மேடை இல்லை. ஆனால் அதே வாயில் அந்த ‘ங்க’ சட்டென்று நின்றுபோகும் இடம் ஒன்றும் அங்கே இருந்தது. பண்ணையத்தில் இருந்த அருந்ததியர் கிழவரைப் பேரன் வயதுப் பிள்ளை ‘டா’ போட்டு ஏவியதும், கிழவர் அந்தப் பிள்ளையைச் ‘சாமி’ என்று விளித்துப் பதில் சொன்னதும் இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை ஒளிவுமறைவின்றி நடந்தவை. திருச்செங்கோட்டு வட்டாரத்து மேட்டுக்காட்டில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவர்களைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய ‘கூளமாதாரி’ என்னும் நாவலின் உலகம் இதுவே.

காவல் நிலையமும் சோதனைச் சாவடியும் இந்த இலக்கணத்துக்கு வெளியே கட்டப்பட்டவை அல்ல. சீருடை அணிந்தவர் சாலையில் கையைக் காட்டி ஒருவரை நிறுத்தும்போது அரசே அவரோடு பேசுகிறது. அரசுக்குச் சட்டப்படி எல்லாரும் சமம், ஆனால் அரசு பேசும் தமிழில் எல்லாரும் சமம் இல்லை. இவ்வுரையின் வாதம் சுருக்கமானது: தடி வரம்பு மீறுவதற்கு முன்பே நாக்கு வரம்பு மீறியிருக்கிறது, யாரிடம் நாக்கு வரம்பு மீறலாம் என்பதைக் காவலர் பயிற்சிப் பள்ளி கற்றுத் தருவதில்லை, அங்கே சேர்வதற்கு முன்பே ஊர் கற்றுத் தந்துவிடுகிறது. அமெரிக்காவில் அதைத் தோலின் நிறம் தீர்மானித்து வந்திருக்கிறது. இங்கே சாதியும், சாதியோடு பின்னிக்கிடக்கும் கூலிப் பிழைப்பும் தீர்மானிக்கின்றன.

அமெரிக்க அனுபவம் இங்கே பயன்படுவது, அங்கு இந்தச் செய்தி சொல் சொல்லாக அளக்கப்பட்டிருப்பதால்தான். கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் காவலர்கள் மார்பில் மாட்டிக்கொள்ளும் சிறு கேமராக்களில் 2014 ஏப்ரல் மாதம் பதிவான 981 வாகன நிறுத்தங்களை, உளவியலாளர் ஜெனிஃபர் எபர்ஹார்ட், மொழியியலாளர் ராப் வோய்ட் முதலிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு, காவலர் வாயிலிருந்து வந்த 36,000க்கும் மேற்பட்ட கூற்றுகளைப் பகுத்தாராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். மிக மரியாதையான கூற்றுகளைக் கேட்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 57 விழுக்காடு கூடுதலாகவும், மரியாதை மிகக் குறைந்த கூற்றுகளைக் கேட்கும் வாய்ப்புக் கறுப்பினத்தவருக்கு 61 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தன. இவற்றில் வசைச்சொல் என்று எடுத்துக்காட்டத்தக்கது ஏதுமில்லை என்பதே கவனிக்க வேண்டியது. ஒருவருக்கு ‘ஐயா, சிரமத்துக்கு மன்னிக்கவும், பார்த்துப் போய்வாருங்கள்’ என்ற சாயலில் பேச்சு, இன்னொருவருக்கு ‘கையை ஸ்டியரிங்கில் வை’ என்ற சாயலில் பேச்சு, வேறுபாடு அவ்வளவுதான். செய்த தவறு சிறிதா பெரிதா, நிறுத்தப்பட்ட இடம் எது, முடிவில் அபராதம் விதிக்கப்பட்டதா என்பவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு கழித்த பின்னும் வேறுபாடு எஞ்சியது. பேசிய காவலர் வெள்ளையரா கறுப்பரா என்பதும் அதை மாற்றவில்லை.

கடைசியாகச் சொன்ன முடிவு இங்குள்ளவர்களுக்கு வியப்பளிக்காது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து சீருடை அணிந்தவரும் அதே ‘டா’வைத்தான் எடுக்கிறார் என்பது எந்தக் காவல் நிலையத்துப் பெஞ்சிலும் அரைநாள் உட்கார்ந்தவருக்குத் தெரியும். பழக்கம் ஆளைவிட நாற்காலியோடு அதிகம் ஒட்டியிருக்கிறது.

நாமக்கல் சாலையில் இரவு பதினொரு மணிக்கு நிறுத்தப்படும் இரண்டு வண்டிகளை எண்ணிப் பார்க்கலாம். முதலில் வருவது வெள்ளை நிறக் கார். கண்ணாடி பாதி இறங்குகிறது, காவலர் குனிந்து ‘எங்கிருந்து வர்றீங்க சார், ஆர்.சி. புக் இருக்குங்களா’ என்கிறார், கண்ணாடி ஏறுகிறது. அடுத்து வருவது பள்ளிபாளையத்துத் தறிக்குடோனில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் ஒருவரின் பழைய டி.வி.எஸ். 50. வண்டி நிற்பதற்குள் சாவி பிடுங்கப்படுகிறது. ‘எறங்குடா’ என்ற சொல் வருகிறது. இறங்கியவர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார், அவிழ்க்கும்படி யாரும் சொல்லவில்லை. இரண்டு பேரிடமும் கேட்கப்பட்ட ஆவணம் ஒன்றே. கேட்கும் அதிகாரத்தைத் தருவதும் ஒரே மோட்டார் வாகனச் சட்டந்தான். ஆனால் இரண்டாமவரிடம் ஆவணத்தோடு இன்னொன்றும் கேட்கப்படுகிறது: ‘எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்? யாரு பையன்?’

இந்த மூன்று கேள்விகளில்தான் அமெரிக்காவுக்கும் இந்தச் சமவெளிக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. நிறம் கண்ணுக்குத் தெரியும், கேட்க வேண்டியதில்லை. சாதி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே ஊர் வழியாகவும் தெரு வழியாகவும் தகப்பன் பெயர் வழியாகவும் அது விசாரிக்கப்படுகிறது. பல நேரங்களில் கேட்கவும் தேவையிருப்பதில்லை. ஓட்டுநர் உரிமத்திலோ ஆதார் அட்டையிலோ முகவரியில் இருக்கும் ‘காலனி’ என்ற ஒற்றைச் சொல்லே விடையைத் தந்துவிடும். குடியிருப்பு என்ற பொருளில் வந்த அந்த இறக்குமதிச் சொல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒடுக்கப்பட்டோர் வாழும் பகுதிக்கு மட்டுமே உரிய பெயராகிப்போனது. அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்குக் காரணம் இதுவே. அட்டையிலிருந்து சொல் போய்விடும். ‘ஊருல எந்தப் பக்கம்’ என்ற கேள்வி போகுமா என்பது வேறு.

மரியாதையை நல்லொழுக்கம் சார்ந்த அலங்காரமாகக் கருதிவிட்டு, ‘திருடனிடம் கொஞ்சிப் பேச முடியுமா’ என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1990இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரித்துரைத்த ‘நடைமுறை நீதி’ என்னும் கருத்து இதற்கு விடையளிக்கிறது. ஒரு விசாரணையின் முடிவு தமக்குச் சாதகமா பாதகமா என்பதை மட்டும் வைத்து மக்கள் சட்டத்தை மதிப்பதில்லை. தம் தரப்பைச் சொல்ல விட்டார்களா, பாகுபாடு இல்லாமல் நடந்தார்களா, மனிதராக மதித்தார்களா, சொல்பவரின் நோக்கம் நம்பத்தக்கதா என்பவற்றை வைத்தே மதிக்கிறார்கள் என்பது அதன் சாரம். அபராதம் கட்டிவிட்டுப் போகிறவரும் மறுநாள் ஒரு திருட்டைப் பற்றித் துப்புச் சொல்ல வருவார் அல்லது வரமாட்டார். அதை முடிவு செய்வது அபராதத் தொகையன்று, முந்திய இரவு கேட்ட விளிச்சொல்.

நாக்குக்கு அடுத்தது தடி; அங்கே வேண்டியது நிதானம். இந்தியச் சட்டம் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. கைது செய்யப்பட்டவர் தப்பியோடாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 46ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. கைவிலங்கு மாட்டுவது வழக்கமாகிவிடக் கூடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980இல் பிரேம்சங்கர் சுக்லா வழக்கில் எழுதிய தீர்ப்பு, நிதானத்தை மனித மதிப்போடு இணைத்தே பேசியது. திருக்குறளின் 57ஆம் அதிகாரமான ‘வெருவந்த செய்யாமை’, ஆள்பவரின் கடுஞ்சொல்லையும் அளவு மீறிய தண்டனையையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. இரண்டும் ஒரே நோயின் முன்பகுதி பின்பகுதி என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் தெளிவாக இருந்தும் நடப்பு வேறாக இருப்பதற்கு வரலாறு ஒரு காரணம். இன்றைய காவல்துறையின் பிறப்பே சித்திரவதை பற்றிய ஓர் அறிக்கையின் பின்விளைவு. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்கள் வதைக்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இலண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்ததும், எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்டு அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, உடலை வளைத்துக் கட்டி அசையவிடாமல் வெயிலில் வைக்கும் ‘அண்ணாந்தாள்’ ஆகிய தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கைக்குள் அப்படியே ஏறின. வரி வாங்கும் தாசில்தாரின் ஆட்களே காவலராகவும் இருந்ததுதான் கேட்டின் வேர் என்று கருதப்பட்டதால், இரண்டையும் பிரித்து 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தின்படி சென்னை மாகாணக் காவல்துறை உருவானது. காவலரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதியும் அந்தக் காலத்து அவநம்பிக்கையில் பிறந்து, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வழியாக இன்றைய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வரை வந்திருக்கிறது. தன் காவலரையே நம்பாத சட்டத்தை வைத்துக்கொண்டு, அந்தக் காவலர் கையில் தடியையும் கொடுத்த வெள்ளை அரசின் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த அவநம்பிக்கை திசைமாறி மக்கள் மேல் விழுந்தது. 1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்டு, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம், சில சாதிகளில் பிறப்பதையே குற்றமாக எழுதியது. ‘ரேகைச் சட்டம்’ என்று மக்கள் வாயில் வழங்கிய அதன்படி, பட்டியலில் ஏறிய ஆண்கள் கைரேகை பதிக்கவும், இரவில் காவலர் பார்வையில் படுத்துறங்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அதை மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. குறவர்களின் கதை இன்னும் கொடியது. கடற்கரையிலிருந்து உப்பையும், உள்நாட்டிலிருந்து தானியத்தையும் கழுதை, மாடுகளில் பொதியேற்றிக் கொண்டுபோய் விற்றவர்கள் அவர்கள். புகைவண்டிப் பாதைகளும் அரசின் உப்புக் கொள்கையும் அந்தத் தொழிலைக் கொன்ற பிறகு, பிழைப்பிழந்து அலைந்தவர்களை அலைவதற்காகவே குற்றவாளிகள் என்று எழுதினார்கள் என்பதை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். முல்லாலி என்ற காவல் அதிகாரி 1892இல் வெளியிட்ட, மாகாணத்தின் ‘குற்ற வகுப்பார்’ பற்றிய கையேடு காவலருக்குப் பாடநூல் போலாயிற்று. சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் ஒழிந்தது. பட்டியலிலிருந்து விடுபட்டவர்கள் இன்று ‘சீர்மரபினர்’ எனப்படுகிறார்கள். ஆனால் ஊரில் ஒரு பூட்டு உடைந்தால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகிறது என்பது மாற இன்னும் காலம் பிடிக்கிறது. சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தனியே உத்தரவிட வேண்டியிருந்ததே அதற்குச் சான்று.

பழைய சேலம் மாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கியிருந்து, 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதனோடு போன அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. மரியாதையும் நிதானமும் ஒரே நாளில் கைவிடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட சான்று இந்த ஊர். சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சேர்ந்த பெரும்படை, மலையாளிப் பழங்குடியினர் வாழும் அந்த ஊருக்குள் நுழைந்தது. ஆண்கள் பலர் மலைக்குள் ஓடிவிட, பெண்களையும் முதியவர்களையும் குழந்தைகளையும் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்தார்கள். அவர்களில் 18 பெண்களைக் கட்டை தேடும் சாக்கில் ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகள் இடிந்தன, தானியம் மண்ணோடு கலந்தது, கிணறு பாழானது. பிடிபட்டவர்களை அன்றிரவு அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்திருந்தபோது, ஊர்த்தலைவரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி பெண்களைக் கட்டாயப்படுத்தியதாகச் சாட்சியம் இருக்கிறது.

அந்தத் துடைப்பம் கவனத்துக்குரியது. சந்தனக்கட்டையைத் தேடுவதற்கு அது தேவையில்லை; யாரையும் தப்பாமல் தடுப்பதற்கும் அது பயன்படாது. ஊர் தன் வாயால் மரியாதை சொல்லி அழைக்கும் ஒருவரை, அதே ஊரின் பெண்கள் கையாலேயே அடிக்க வைப்பதில், ஊரிடம் தனக்கென ஒரு மரியாதை இருப்பதையே பொறுக்க முடியாத அதிகாரம் வெளிப்படுகிறது. அடுத்த நாள்களில் பெண்களும் ஆண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் சேலம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். பழங்குடியினர் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் வழக்கை விடாமல் நடத்தின. விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோன 54 பேர் போக, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 17 பேர் மீது வன்புணர்வுக் குற்றம் உறுதியானது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்புக்கு முன் தாமே வாச்சாத்திக்குச் சென்று பார்த்துவிட்டு, மேல்முறையீடுகளைத் தள்ளி, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார். இடையில் போனவை 31 ஆண்டுகள்.

அன்றாடச் சந்திப்புகளில் நிதானம் இழக்கப்படும் கணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நிறுத்தப்பட்டவர் பதில் பேசும் கணம். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரான ஹென்றி லூயிஸ் கேட்ஸ் என்ற கறுப்பின அறிஞர், 2009 ஜூலை 16 அன்று கேம்பிரிட்ஜ் நகரில் தம் சொந்த வீட்டு வாசலிலேயே கைது செய்யப்பட்டார். யாரோ வீடு புகுகிறார்கள் என்று வந்த தகவலை விசாரிக்கப் போன காவல் அதிகாரி, அது அவருடைய வீடுதான் என்று தெரிந்த பின்னும், அவர் சத்தம் போட்டதற்காக ஒழுங்கீனக் குற்றம் சுமத்தினார். ஐந்தே நாளில் வழக்குக் கைவிடப்பட்டது. அதிபர் ஒபாமா இருவரையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பீர் கொடுத்துச் சமாதானம் செய்தார். பேராசிரியருக்குக் கிடைத்த பீரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பதில் பேசுவது என்ற குற்றம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும், எல்லா நாட்டுக் காவலரின் மனத்திலும் இருக்கிறது என்பதே பேச வேண்டியது. இங்கே அதற்கு ‘எதிர்த்துப் பேசினான்’, ‘திமிராப் பாத்தான்’ என்று பெயர். எழுத்தில் வரும்போது அது ‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தல்’ ஆகிவிடும்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜ், அவருடைய மகன் பென்னிக்ஸ் ஆகிய இருவர் மீதும் பதிவான முதல் தகவல் அறிக்கை, அவர்கள் காவலரைத் திட்டித் தரையில் உருண்டதாகச் சொன்னது. மூன்று, நான்கு நாள்களில் இருவரும் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே ஒரு காவலர் ‘டா’ போட்டுப் பேசினார் என்பது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போன அறிக்கையில் இருந்த செய்தி. காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி நீதிமன்றம் அப்போது உத்தரவிட்டது. இறந்தவர்கள் இருவரும் கடை வைத்திருந்த வணிகர்கள். கேட்பாரற்ற தெருக்களில் பழகிய கை, பழகிய நாக்கு, அந்தத் தெருக்களின் எல்லையில் நின்றுவிடுவதில்லை. நடுவரின் நாற்காலி வரைக்கும் வரும்.

சேலம் மாவட்டத்திலேயே, ஏத்தாப்பூர் அருகே பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் 2021 ஜூன் 22 அன்று, ஊரடங்கு நாளில் இருசக்கர வண்டியில் வந்த சிறுவணிகர் ஒருவருக்கும் காவலருக்கும் வாக்குவாதம் மூண்டது. சிறப்பு உதவி ஆய்வாளர் தடியால் அடித்ததை அருகில் நின்றவர்கள் கைப்பேசியில் எடுத்தார்கள்; அடிபட்டவர் மறுநாள் இறந்தார்; அதிகாரி கைது செய்யப்பட்டார். இதில் சாதி காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அந்தக் காணொளியில், அடிபட்டவர் ஓடவில்லை, ஆயுதம் ஏந்தவில்லை என்பதை யாரும் பார்க்கலாம். அதே வாரம், ஜூன் 25 அன்று, கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒன்பதரை நிமிடம் முழங்காலை ஊன்றிக் கொன்ற அமெரிக்கக் காவலர் டெரிக் சாவினுக்கு மினியாபொலிஸ் நீதிமன்றம் 22 ஆண்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கொலை நடந்து பதின்மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

காவலர் தரப்பின் பதிலையும் கேட்க வேண்டும். பதினான்கு மணி நேரம் நின்றவரிடம் பணிவை எதிர்பார்ப்பது எளிது, காட்டுவது கடினம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலதிகாரியின் வீட்டில் காய்கறி வாங்கவும் நாயைக் குளிப்பாட்டவும் காவலரை வைத்துக்கொள்ளும் ‘ஆர்டர்லி’ முறை 1979இலேயே ஒழிக்கப்பட்டதாக அரசாணை இருந்தும், அதை உண்மையிலேயே ஒழிக்கும்படி 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டிவந்தது. மேலிருந்து ‘நீ’ என்று கேட்பவர் கீழே ‘டா’ என்று இறக்கி வைக்கிறார். இது விளக்கம், விலக்கு ஆகாது. காரில் வந்தவரிடம் அதே களைத்த வாயில் ‘ங்க’ வந்ததே.

இதற்குச் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். காவலர்கள் பொதுமக்களை ‘எடா’, ‘எடீ’, ‘நீ’ என்று விளிக்கக் கூடாது என்று 2021 செப்டம்பரில் அம்மாநில உயர்நீதிமன்றம் ஒரு வணிகரின் மனுவில் சொன்னது. அடுத்த சில நாள்களில் மாநிலக் காவல் தலைவரின் சுற்றறிக்கை எல்லா நிலையங்களுக்கும் போனது. தமிழ்நாட்டில் சாதியின் பேரால் இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்கிறது. எழுத்தர் அறையின் கதவைச் சாத்திவிட்டால் பார்வை இல்லை. சாதிப் பெயரைச் சொல்லாமல் ‘டா’விலேயே சாதியைச் சொல்லிவிடுவது எந்தப் பிரிவிலும் அகப்படாது. ஆகவே கேரளத்தைப் போன்ற ஒரு விதி இங்கே அவசியமாகிறது.

அளப்பதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் காட்சியோடு ஒலியையும் பதியும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உத்தரவிட்டது. சாத்தான்குளத்துக் கேமராவின் பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது வெளியான பிறகு வந்த தீர்ப்பு அது. ஓக்லாந்தில் ஸ்டான்ஃபோர்டு செய்ததை, நீதிமன்ற அனுமதியோடு, பெயர்களை மறைத்து, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துத் தமிழ்த் துறை செய்யலாம். ‘வாங்க’ எத்தனை, ‘வாடா’ எத்தனை, எவருக்கு எது என்று எண்ணத் தமிழ் தெரிந்தால் போதும். ஆங்கிலத்தில் மரியாதையைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கணினி நிரல் தேவைப்பட்டது. தமிழில் அது விகுதியிலேயே நிற்கிறது.

அதுவரைக்கும் வாசகர் ஒன்று செய்யலாம். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் வகுத்த பதினொரு விதிகளில் முதலாவது, கைது செய்து விசாரிக்கும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டையை அணிந்திருக்க வேண்டும் என்பது. அந்த விதிகளை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பின் கட்டளை. அடுத்த முறை எந்த வேலையாகவேனும் தம் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போகிறவர், அந்தப் பலகை எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். இல்லையென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதட்டும்.